கூலன்ட்: குளிர்வியா, சூடேந்தியா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் கார் பராமரிப்புக் கையேட்டில், எஞ்சின் சூட்டைத் தணிக்க உள்ளே ஓடும் திரவமான கூலன்ட்டுக்குத் தமிழ்ச்சொல் வர வேண்டிய இடத்தில் இன்னும் வெற்றுக்கோடுதான் கிடக்கிறது. இதுவரை குளிர்வி, குளிர்நீர், ஆற்றுநீர், வெப்பக்காவி என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. குளிர்வியை முன்வைத்த ஐயா எழுதியது இது:

> குளிர்வி போதும். சிறிய சொல், பார்த்ததும் பொருள் புரிகிறது.

ஐயா, சிறிய சொல்தான். ஆனால் அது புரியும் விதம்தான் எனக்குக் கவலை. குளிர வைப்பதுதான் வேலை என்றால் அதற்குத் தண்ணீரே போதுமே என்று யாருக்கும் தோன்றும். நம் ஊரில் ஏற்கெனவே 'ரேடியேட்டர் தண்ணி' என்றுதான் பேச்சு. மட்டம் குறைந்தால் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். நாம் வைக்கும் பெயர் அந்தப் பழக்கத்துக்குத் துணைபோகக் கூடாது. குளிர்நீர் என்பதையும் இதனால்தான் முதலிலேயே விலக்குகிறேன்.

உண்மையில், சூட்டை வாங்கிக்கொள்ளும் திறனை மட்டும் பார்த்தால் தண்ணீர்தான் மேல். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். கூலன்ட்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலந்தால் அது சுமார் 3.4 ஆகக் குறைகிறது. அப்புறம் எதற்குக் காசு கொடுத்து கூலன்ட் வாங்குகிறோம்? ஒன்று, கொதிநிலை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், பாதிக் கலவை சுமார் 107இல். மூடி இறுக்கமாக இருந்து உள்ளே அழுத்தமும் சேர்ந்தால் 125ஐத் தாண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏசியைப் போட்டுக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறும்போது அந்த இடைவெளிதான் எஞ்சினைக் காக்கிறது.

அதைவிடப் பெரிய காரணம் அரிப்பு. சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியம். ரேடியேட்டரின் குழாய்களும் அப்படியே, அதுவும் மிக மெல்லியவை. கூலன்ட்டில் இருக்கும் தடுப்பு வேதிப்பொருள்கள் இவற்றை அரிக்காமல் பார்த்துக்கொள்கின்றன. போர் தண்ணீரோ வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போல உப்பைப் படிய வைத்துக் குழாயை அடைக்கிறது. தடுப்புப் பொருள்கள் காலப்போக்கில் தீர்ந்துபோவதால்தான், ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் பழைய வகையை இரண்டு ஆண்டிலும் புதிய வகைகளைச் சுமார் ஐந்து ஆண்டிலும் மாற்றச் சொல்கிறார்கள். 'மட்டம் சரியாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?' என்று சர்வீஸில் கேட்பவருக்கு நம் கையேடு சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். இந்த திரவம் எஞ்சினில் சூட்டை வாங்கி ரேடியேட்டர் வரை கொண்டுபோகிறது. அங்கே அதைக் காற்று ஆற்றுகிறது. ஏந்திச் செல்வதுதான் இதன் வேலை. ஊட்டியில் காலையில் ஹீட்டர் போட்டால் காருக்குள் வரும் கதகதப்பும் இதே திரவம் கொண்டுவந்த சூடுதான். அங்கே இது எதையும் குளிர்விக்கவில்லை. குளிர்நாடுகளில் ஓடும் மின்கார்களில் இது பேட்டரியைச் சூடாக்கவும் பயன்படுகிறது. காரைத் தாண்டிப் பார்த்தாலும் அப்படித்தான்: கல்பாக்கத்து அணு ஈனுலையில் உருகிய சோடியம் இதே வேலையைச் செய்கிறது. பல நூறு டிகிரியில் ஓடும் உருகிய உலோகத்தைக் குளிர்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே என் பரிந்துரை சூடேந்தி.

ஆற்றுநீர் அழகான சொல். பாலை ஆற்றுகிறோம், சோற்றை ஆறவிடுகிறோம். அந்த வினையைப் பிடித்தது அருமை. ஆனால் எழுத்தில் கண்டால் எல்லோரும் நதிநீர் என்றே படிப்பார்கள். அந்த வினையை ரேடியேட்டருக்குக் கொடுக்கலாம்: சூடாற்றி. கதிர்வீசி என்று எழுதுவதைவிட இது சரியும்கூட, ஏனென்றால் ரேடியேட்டர் பெரும்பகுதிச் சூட்டைக் கதிராக வீசுவதில்லை, கடந்துபோகும் காற்றிடம்தான் விடுகிறது.

வெப்பக்காவி சொன்ன அக்காவுக்கு: காவுதல், அதாவது சுமந்து செல்லுதல், நல்ல தமிழ், நோய்க்காவி என்று ஈழத்தில் பாடநூலிலேயே வருகிறது. தமிழ்நாட்டிலோ காவி என்றால் நிறம்தான் முதலில் தோன்றும். அது ஒன்றுதான் என் தயக்கம்.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே சூடாற்றியின் மூடியைத் திறக்கவும். சூட்டோடு திறந்தால் கொதிக்கும் சூடேந்தி முகத்தில் பீறிட்டு அடிக்கும்."

"சூடேந்தியின் மட்டம் தொட்டியில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்கவும்."

"நிறத்தை நம்பிச் சூடேந்தி வாங்க வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வகை மாறிக் கலந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளலாம்."

"சூடேந்தி நஞ்சு, ஆனால் இனிக்கும். சிந்தினால் உடனே கழுவிவிடவும். குழந்தைகளும் நாய்களும் வாய் வைத்துவிடக் கூடாது."

எனக்கு நாக்கில் உறுத்தவில்லை. முதல் முறை வரும் இடத்தில் 'சூடேந்தி, அதாவது கூலன்ட்' என்று எழுதிவிட்டால் கடையில் கேட்டு வாங்குவதிலும் தடை இருக்காது.

---

தம்பிக்கு,

காவியை விட்டுவிடுகிறேன், சூடேந்திக்கு என் ஆதரவு. ஆனால் ரொறன்ரோவில் இருந்து ஒன்று சொல்லவேண்டும். தை மாதத்தில் இங்கே சில நாள்களில் மைனஸ் 20 வரைகூடப் போகும். தண்ணீர் உறைந்தால் விரிந்து எஞ்சினையே வெடிக்கவைக்கும். எனவே இங்கு எல்லாரும் அறிந்த பெயர் உறைதடுப்பிதான். அதைக் கையேட்டில் காணாவிட்டால் இங்குள்ள தமிழர் வேறு பொருள் என்று நினைப்பார்கள்.

இன்னொன்று. கடையில் இரண்டு விதமான போத்தல் உண்டு. ஒன்று அப்படியே ஊற்றுவது, மற்றது தண்ணீர் கலக்கவேண்டியது. பின்னதைக் கலக்காமல் ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறு. சரிபாதிக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தனிக் கிளைக்கால் மைனஸ் 13இலேயே உறைந்துவிடும். இந்த இரண்டு போத்தலுக்கும் ஒரே பெயர் வைத்தால் பிழை வரும்.

---

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை, மிக்க நன்றி. தனிக் கிளைக்கால் சூட்டை ஏந்துவதிலும் கலவையைவிட மட்டம், ஆகவே சென்னை வெயிலிலும் அதே எச்சரிக்கை வேண்டும்.

இப்படிப் பிரிக்கலாமா? எஞ்சினுக்குள் ஓடும் கலவை சூடேந்தி. தண்ணீர் சேர்க்க வேண்டியது சூடேந்திச் செறிவு. உறைதடுப்பியைச் செறிவுக்கு மாற்றுப்பெயராக, குளிர்நாட்டு வாசகர்களுக்கான பகுதியில் வைப்போம். இங்கே பெரும்பாலும் எதுவும் உறைவதில்லை என்பதால் பொதுப்பெயராக அது நிற்காது.

வாக்கியம் இப்படி வரும்: "சூடேந்திச் செறிவை அப்படியே ஊற்றக் கூடாது. சம அளவு காய்ச்சி வடித்த நீரில் கலந்த பிறகே ஊற்றவும். குழாய் நீர், போர் நீர் வேண்டாம். வழியில் வேறு கதியில்லாமல் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிய சூடேந்தி நிரப்பவும்."

ஐயா, குளிர்விக்கு இன்னும் வாதம் இருந்தால் எழுதுங்கள், கேட்கிறேன். இல்லையென்றால் இந்த மூன்று சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிட்டு தெர்மோஸ்டாட்டுக்குப் போவோம். எஞ்சின் 80, 90 டிகிரியை எட்டும்வரை சூடேந்தியைச் சூடாற்றிப் பக்கம் விடாமல் மறித்து வைப்பது அதுதான்.