செஸ் எண்ட்கேமில் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்) கோட்டை விட்ட கதைகள்

நஜ்டார்ஃப் பைத்தியம்:
போன ஞாயிற்றுக்கிழமை, ரேட்டிங் டோர்னமெண்ட், ஆறாவது ரவுண்டு. எதிரில் பத்து வயதுப் பையன். ஆளுக்கொரு ரூக் (நேர்கோட்டில் போகும் காய்), அவனிடம் ஒரு சிப்பாய் கூடுதல், என் ராஜா அதற்கு நேர் முன்னால். பிலிடோர் என்ற தற்காப்பு நிலை, சரியாக ஆடினால் டிரா. ரூக்கை என் பக்கமிருந்து மூன்றாவது வரிசையில் நிறுத்தி, சிப்பாய் அங்கே வந்த பிறகுதான் பின்னால் ஓடிப்போய் செக் கொடுக்க வேண்டும். நான் முதலிலேயே ஓடிவிட்டேன். அப்புறம் தடுமாறி ராஜாவும் ஓரமாகப் போய்விட்டது.

சிப்பாய் ஏழாவது வரிசைக்கு வந்த பிறகும் எனக்கு நம்பிக்கை இருந்தது. அவன் ராஜா வெளியே வந்தால் கீழிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாமே! பையன் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே ரூக்கை நாலாவது வரிசையில் வைத்தான். லூசினா, செக்குகளை ரூக்கால் மறித்து ஜெயிக்கும் பாடம். போர்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த மூடி திருகும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு வருஷமாக, கறுப்புக்கான நஜ்டார்ஃப் என்ற தொடக்க ஆட்டத்தைப் படிக்கிறேன், பதினைந்து மூவ் மனப்பாடம். அன்றைக்கு அவன் ஆடியது லண்டன் என்ற வேறு தொடக்கம்.

தப்பான பிஷப்:
எனக்கு இதைவிட மோசம். வெள்ளைக் கட்டங்களில் மட்டும் குறுக்காகப் போகும் பிஷப், ஓரத்து ஹெச் சிப்பாய், எதிராளியிடம் வெறும் ராஜா. ஜெயித்தாச்சு என்று மனசுக்குள் கைகுலுக்கியே விட்டேன். என் சிப்பாய் ராணியாக வேண்டிய ஹெச்8 மூலைக்கு அவர் ராஜா போய் உட்கார்ந்தது. அந்த மூலை கறுப்பு, என் பிஷப்பால் தொடவே முடியாது. ஜி8, ஹெச்8, ஜி8, ஹெச்8. மூன்றாவது தடவை அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டார். ஸ்கோர்ஷீட்டில் எழுதக்கூட இல்லை! பத்து மூவ் முன்னால் ஜி சிப்பாயை வைத்துக்கொண்டிருந்தால் போதும். ஹெச் சிப்பாயை வைத்துக்கொண்டவன் நான்தான்.

மூன்றாம் போர்டு:
இரண்டு பேருமே எண்ட்கேம் வரை போயிருக்கிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள். எனக்கு இருபதாவது மூவில் குதிரை போய்விடும். நம்ம லெவலில் ஆட்டத்தை முடிப்பது ஃபோர்க் (ஒரே காய் இரண்டைத் தாக்குவது), பின் (ஒரு காயை நகர விடாமல் பிடிப்பது) மாதிரி டாக்டிக்ஸ்தான். லூசினாவை உருப்போட்டு என்ன பண்ணப்போகிறோம்? டாக்டிக்ஸ் போடுங்கள்.

டிசம்பர் 12:
மூன்றாம் போர்டு, உலக சாம்பியன்ஷிப்பே எண்ட்கேமில்தானே முடிந்தது? 2024, சிங்கப்பூர், 14-வது ஆட்டம். ஆளுக்கொரு ரூக், ஆளுக்கொரு பிஷப், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், சரியாக ஆடினால் டிராதான். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55-வது மூவில் ரூக்கை எஃப்2-வில் வைத்தார். ரூக் மாறியது, மூலையில் மாட்டியிருந்த பிஷப்பும் மாறியது, மிச்சம் வெறும் சிப்பாய் ஆட்டம், அதில் குகேஷுக்கு வெற்றி. நான் ஆபீஸில் போனை மேசைக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரூக் எஃப்2 வந்ததும் கமெண்டரி அலறியது. எனக்கு ஏன் என்றே புரியவில்லை. குகேஷ் முகம் மாறியதைப் பார்த்துத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

நேரே பின்னால்:
என் கதை சின்னது. அவர் ராஜா இ5, சிப்பாய் இ6, என் ராஜா இ7. இ8-க்கு நேராகப் பின்வாங்கினால் டிரா. நான் டி8-க்குப் போனேன். அவர் டி6 வந்தார். முடிந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் ராஜாவும் சிப்பாயும் மட்டும், ஒரு மாதம். ஆப்போசிஷன் (ராஜாக்கள் ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நிற்பது) கை தானாகப் போட வேண்டும். அப்புறம் ரூக். பிஷப்-குதிரை மேட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், வருஷத்துக்கு ஒருமுறைகூட வராது. வாசித்தால் போதாது, போர்டில் வைத்து, கடிகாரத்தில் மூன்று நிமிஷம் போட்டு, கம்ப்யூட்டர் என்ஜினோடு இரண்டு பக்கமும் ஆடுங்கள். சலித்தால் செஸ் வீரர் ரெட்டியின் 1921 புதிரை வையுங்கள்: வெள்ளை ராஜா ஹெச்8, சிப்பாய் சி6, கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் ஹெச்5. வெள்ளை ஆடி டிரா. பிடிக்கவே முடியாத சிப்பாய் மாதிரி தெரியும், ராஜா குறுக்கே நடக்க ஆரம்பிக்கும் வரை. டாக்டிக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மூன்றாம் போர்டு. ஆனால் குதிரை போகாத அன்றைக்கு என்ன செய்வீர்கள்?

மூன்றாம் போர்டு:
அப்படி ஒரு நாள் வரட்டும், பார்க்கலாம்.

நஜ்டார்ஃப் பைத்தியம்:
நேற்று பிலிடோரை வைத்து என்ஜினோடு ஐந்து தடவை ஆடினேன். மூன்று டிரா. அடுத்த மாத டோர்னமெண்டுக்கும் அந்தப் பையன் பேர் கொடுத்திருக்கிறானாம்.