ஃபிஸ்டுலாவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சுங்கை சிப்புட், ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சிறுநீரக நோயாளிகளுக்கு விளக்கக் கூட்டம். துண்டறிக்கையைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வியாழனன்று அச்சகத்துக்குப் போயாக வேண்டும். டயாலிசிஸுக்கு 'இரத்தச் சுத்திகரிப்பு' என்று போட்டுவிட்டேன். ஊசி குத்துவதற்காகக் கையில் அறுவை செய்து வைக்கிறார்களே, அந்த ஃபிஸ்டுலாவில்தான் மாட்டிக்கொண்டேன். அகராதி 'பவுத்திரம்' என்கிறது. தோட்டத்துப் பாட்டிகளிடம் "உங்கள் கையில் இருக்கும் பவுத்திரத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

தெலுக் இந்தான், ஓய்வுபெற்ற தோட்ட டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்):

டீச்சர், பவுத்திரம் வேண்டவே வேண்டாம். அது ஆசனவாயை ஒட்டி வருவது. பகந்தரம் என்ற வடசொல் தேய்ந்த கதை. கையில் செய்யும் ஃபிஸ்டுலா நோயே இல்லை. மணிக்கட்டுப் பக்கம், இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் தமனியையும் திரும்பக் கொண்டுபோகும் சிரையையும் வேண்டுமென்றே சேர்த்துத் தைக்கிறார்கள். தமனியின் அழுத்தம் ஏறிச் சிரை சில வாரங்களில் பருத்துத் தடித்துவிடும், அப்புறம் பெரிய ஊசியைத் தாங்கும். 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் இந்த முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன் பிளாஸ்டிக் குழாயைத் தோலுக்கு வெளியே விட்டுக் கட்டிவைத்திருந்த காலமும் உண்டு. 'தமனி-சிரை இணைப்பு' என்று எழுதுங்கள். வேலை முடிந்தது.

கிள்ளான்:

எங்கே முடிந்தது? தமனி, சிரை இரண்டுமே வடமொழி. ஃபிஸ்டுலாவுக்கு இலத்தீனில் குழல், நாணல் என்று பொருள். உள்ளே துளை ஓடும் எதற்கும் தமிழில் தூம்பு என்ற சொல் கிடக்கிறது. யானையின் துதிக்கையைத் 'தூம்புடைத் தடக்கை' என்கிறது புறநானூறு. 'குருதித் தூம்பு' என்று எழுதுங்கள். நாம் புழங்காவிட்டால் வேறு யார் புழங்குவார்கள்?

ஈப்போ:

எங்கள் பாட்டன் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். எங்கள் வழக்கில் தமனி கிடையாது, நாடி. சிரை கிடையாது, நாளம். இலங்கைப் பாடநூல்களில் இன்றும் அப்படித்தான். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சொல் இல்லை என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை.

நாடியும் வடமொழிதானே என்று கிள்ளான் ஐயா பாய்வார். பாயட்டும். மலாய்க்காரர்களும் அதே 'நாடி'யைத்தான் வைத்திருக்கிறார்கள். இரத்தக் குழாய்க்கு அவர்கள் சொல்லும் 'பெம்புலோ' மூங்கிலிலிருந்து வந்தது. தமனி என்றாலும் முதலில் ஊதுகுழல்தான். தமனிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ஆர்ட்டரி என்ற சொல்லைக் கிரேக்கர்கள் மூச்சுக்குழலுக்கும் வைத்திருந்தார்கள்; செத்த உடலில் தமனி வெறுமையாகக் கிடந்ததால் அதில் காற்று ஓடுகிறது என்று நம்பியவர்கள் உண்டு. அதில் ஓடுவது இரத்தம்தான் என்று காட்ட கேலன் என்ற பண்டைய மருத்துவர் வரவேண்டியிருந்தது. எந்த மொழியைத் தோண்டினாலும் குழாயில்தான் போய் முட்டுகிறோம். அப்படியிருக்க 'குழாய்' என்ன பாவம் செய்தது?

கிள்ளான்:

குழாய் என்றால் வீட்டுக்குத் தண்ணீர் வருவது நினைவுக்கு வரும்.

தெலுக் இந்தான்:

தூம்பு என்றால் எதுவுமே நினைவுக்கு வராது, ஐயா.

தைப்பிங், டயாலிசிஸ் நிலையத் தாதி:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் டயாலிசிஸை 'இரத்தம் கழுவுறது' என்பார்கள், மலாயில் 'சூச்சி டாரா' என்பது போல. ஃபிஸ்டுலாவை ஃபிஸ்டுலா என்றே சொல்வார்கள், இல்லாவிட்டால் 'ஊசி போடுற கை'. டீச்சர், உங்கள் அறிக்கையை இன்னொரு தடவை பாருங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதே, இரத்தம் எடுக்க விடாதே, இறுக்கமான வளையலோ கடிகாரமோ போடாதே, அந்தக் கையை மடித்து அதன்மேல் படுக்காதே. தினமும் தொட்டுப் பார், உள்ளே அதிர்வு தெரிய வேண்டும். நின்றுபோனால் உடனே மருத்துவமனைக்குப் போ. எல்லாமே கையைப் பற்றித்தான். உள்ளே இருக்கும் தையலுக்குப் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் தேவைப்படுகிறது.

சுங்கை சிப்புட், ஆசிரியை:

நன்றி, அக்கா. முதல் வரியில் 'ஃபிஸ்டுலா என்னும் இரத்தக் குழாய் இணைப்பு', பிறகு முழுவதும் 'டயாலிசிஸ் கை'. மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

ஈப்போ:

சரி. நாடி-நாளம் போனதில் வருத்தம்தான்.

தெலுக் இந்தான்:

சரி.

கிள்ளான்:

'இரத்த' இருக்கும் இடத்தில் 'குருதி'யாவது போட்டிருக்கலாம். எனக்குச் சம்மதமில்லை என்று பதிந்துகொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட், ஆசிரியை:

பதிந்தாயிற்று, ஐயா. அறிக்கையின் முதல் பக்கமும் போய்விட்டது. ஆனால் அடுத்த பக்கத்தில் 'கிராஃப்ட்' என்று ஒன்று வருகிறதே? இரண்டு குழாய்களுக்கும் நடுவே செயற்கைக் குழாய் வைத்துத் தைப்பதாம். 'ஒட்டு' எனலாமா?

தெலுக் இந்தான்:

பால்மரக் காட்டில் பிறந்தவர்களிடம் ஒட்டு என்றால் ஒட்டுப்பாலைத்தான் நினைப்பார்கள். யோசித்துச் செய்யுங்கள்.

கிள்ளான்:

ஒட்டு நல்ல தமிழ். அதன் வேரை விளக்கி நாளை விரிவாக எழுதுகிறேன்.