ஹாமில்டன் 500 கடிகாரத்தின் தொடுகம்பியை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்
நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். என்னிடம் ஒரு ஹாமில்டன் எலக்ட்ரிக் இருக்கிறது, உள்ளே 500 என்ற மாடல் மெஷின், 1957 ஜனவரியில் அமெரிக்காவின் லங்காஸ்டர் நகர ஹாமில்டன் நிறுவனம் அறிமுகப்படுத்தி, முதன்முதலாகக் கடைக்கு வந்த பேட்டரி கைக்கடிகார வகை. குவார்ட்ஸ் கிடையாது, நேரம் காட்ட இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் வீல் என்ற சக்கரத்திலேயே செம்புச் சுருள் இருக்கும், அது ஆடும்போது தலைமுடி மாதிரி ஒரு கம்பி தொட்டு, ஒரு கணம் மின்சாரம் பாய, கீழே உள்ள காந்தம் சக்கரத்தை உந்திவிடும். அந்தக் கம்பிதான் வளைந்துவிட்டது. புது பேட்டரி போட்டும் இரண்டு ஆட்டம் ஆடி நின்றுவிடுகிறது. 1961இல் வந்த அடுத்த மாடலான 505 மெஷினில் இந்தக் கம்பியே இல்லை, அதை வாங்கி மாற்றிவிடு என்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. சரி, இதை நிமிர்த்திப் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த ட்வீசர், எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? சொன்னால் பொறுமையாக உட்கார்ந்து செய்கிறேன்.