தொட்டி கொள்ளாத டென்ட்ரோபியம் ஆர்கிட், எப்போது மாற்றுவது?

தக்கலைக்காரி:
டென்ட்ரோபியம் ஒன்று தொட்டி கொள்ளாமல் வளர்ந்துவிட்டது. வேரெல்லாம் விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது, சில வேர் தொட்டிச் சுவரோடு ஒட்டியே போச்சு. இப்போதுதான் பூ உதிர்ந்தது. உடனே மாற்றலாமா, மழை முடியட்டுமா? தொங்கும் வேரை வெட்டச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

குலசேகரம் தோட்டம்:
வெட்ட வேண்டாம் அக்கா. மரத்தில் ஒட்டி வாழும் செடிக்கு அதுதான் இயல்பு, வேரின் அந்த வெள்ளைப் போர்வைதான் மழைத்தண்ணீரை உறிஞ்சுகிறது. மாதத்தைப் பார்க்காமல் செடியைப் பாருங்கள்: புதுத் தண்டின் அடியில் வேர் முளைக்கத் தொடங்கினால் மாற்றலாம். அதற்குமுன் அரை மணி நேரம் தண்ணீரில் முக்கி வைத்தால் வேர் வளைந்து கொடுக்கும், ஒட்டியதும் மெல்லக் கழன்று வரும். வராவிட்டால் தொட்டியை உடையுங்கள், மண்தொட்டி என்ன பெரிய விலை! அமுக்கினால் கொழகொழவென்று நசுங்கும் வேரை மட்டும் தீயில் காட்டிய கத்தரியால் நறுக்குங்கள்.

நாகர்கோவில் மாடி:
இலை உதிர்ந்த பழைய தண்டையும் வெட்டாதீர்கள், தண்ணீரும் சத்தும் அதில்தான். பிரிப்பதானால் ஒரு துண்டுக்கு மூன்று தண்டாவது வேண்டும்.

தக்கலைக்காரி:
சரி. புதுத் தொட்டியில் நிரப்ப வெறும் கதம்பை (தேங்காய் மட்டை) போதுமா?

குலசேகரம் தோட்டம்:
நம்ம ஊரில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, வெறும் கதம்பை ஈரம் பிடித்து வேரை அழுகவிடும். மரக்கரியும் உடைந்த ஓட்டுத் துண்டும் அதிகமாகப் போடுங்கள், கதம்பை கொஞ்சம், அதையும் சில நாள் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றிக் கறை போன பிறகு. பெரிய தொட்டி வேண்டாம். அப்புறம் குச்சியில் கட்டிவிடுங்கள், செடி ஆடினால் புது வேர் நுனி முறியும்.