'விசயன் புள்ளிமான்' வேண்டாம்: ஒரு மாற்றுப் பெயர்

அன்பர்களுக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் விசாயத் தீவுகளுக்கே உரிய ஒரு மானுக்குத் தமிழ்ப்பெயர் தேவைப்படுகிறது. அறிவியல் பெயர் ரூசா ஆல்ஃபிரெடி. 'விசயன் புள்ளிமான்' என்று எழுதியிருக்கிறேன். விலங்கியல் சொற்பட்டியலில் சேர்க்கலாமா?

மறுமொழி:

ஐயா, வணக்கம். இந்தப் பெயரை இப்படியே சேர்க்க வேண்டாம். 'விசயன்' என்றதும் நமக்கு அர்ச்சுனன்தான் நினைவுக்கு வருவான். 'விசாய' என்றால் இடப்பெயர் என்பது தெளிவாகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் 'புள்ளிமான்'. அந்தப் பெயர் நம் காடுகளில் திரியும் ஆக்சிஸ் இனத்துக்கு உரியது. செம்பழுப்புத் தோல், வெண்புள்ளி, புல்வெளியில் பெருங்கூட்டமாக மேய்ச்சல் என்று அதற்கென ஓர் உருவம் நம் மனத்தில் இருக்கிறது. விசாய மானோ கரும்பழுப்பு நிறம். புள்ளிகளும் மங்கலான மஞ்சள். அடர்காட்டில் ஒதுங்கி, பெரும்பாலும் இரவில் மேயும். நெருங்கிய இனங்களின் தொகுதியான பேரினமும் வேறு: ரூசா. நம் கடமானும் சாவகத் (ஜாவா) தீவு மானும் அதே பேரினம்தான். ஆகவே ரூசா முழுமைக்கும் 'கடமான்' என்பதையே தலைச்சொல்லாக வைத்தால் சாவகக் கடமான், பிலிப்பைன் கடமான், விசாயப் புள்ளிக் கடமான் என்று உறவு பெயரிலேயே விளங்கும்.

1870இல் இந்த விசாய மானை விவரித்த ஆங்கில விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் விக்டோரியா அரசியின் மகன் ஆல்ஃபிரடின் பெயரைச் சூட்டினார். தமிழில் அந்த இளவரசர் நமக்கு வேண்டியதில்லை. இந்த மான் செபுவிலும் குயிமராஸிலும் அற்றுப்போய், இன்று பனாய், நீக்ரோஸ் தீவுகளில் மட்டும் காட்டில் எஞ்சியிருக்கிறது. வேட்டையாலும் காடழிப்பாலும் இந்த நிலைக்கு வந்த உயிருக்கு அதன் மண்ணின் பெயராவது நிலைக்கட்டும்.

இடப்பெயரிலும் கவனம் தேவை. பிலிப்பைன் கடமானின் அறிவியல் பெயர் ரூசா மரியானா. ஆனால் பசிபிக் பெருங்கடலிலுள்ள மரியானா தீவுகளுக்கு அது மனிதர் கொண்டுபோய் விட்ட விலங்கு, தாயகம் பிலிப்பைன்ஸ். 'மரியானா மான்' என்று தமிழாக்கினால் அதன் தாயகத்தையே மாற்றிவிடுவோம்.

இன்னொரு மறுமொழி:

கடமான் என்றால் ஆள் உயர விலங்கு என்றல்லவா தோன்றும்? விசாய மானோ தோளுயரம் 80 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. 'குறுங்கடமான்' சரிவருமா? இலங்கையில் கடமானை மரை என்பர், தென்மாவட்டங்களில் மிளா. 'புள்ளி மிளா' சொல்ல எளிது.

மறுமொழி:

மிளா எனக்கும் பிடித்த சொல். இணைச்சொல்லாக மிளா, மரை இரண்டையும் கொடுப்போம். 'குறு' வேண்டாம், இதே பேரினத்தில் இதைத் தனித்துக் காட்டுவது வளர்ந்த பின்னும் மறையாத புள்ளிதான். பிலிப்பைன்ஸின் கலமியன் தீவுகளின் மானை மட்டும் இந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். அது பன்றிமானுக்கு நெருங்கிய உறவு; அதற்குத் தனிப் பெயர் தேட வேண்டும்.