தானாகப் பிரேக் பிடிக்கும் கார் நம் சாலைக்குச் சரிப்படுமா? ஓட்டுபவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை, சொந்தக் கார்

புதுக் கார் எடுக்கப்போகிற சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லோரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அடாஸ் (கேமரா, ராடார் வைத்து ஓட்டுநருக்கு உதவுகிற, தேவைப்பட்டால் தானே பிரேக் பிடிக்கிற வசதிகள்) உள்ள வேரியன்டுக்குக் கூடுதலாகக் கேட்கிற பணத்தைக் கொடுக்கலாமா, நம் ஊர் ரோட்டில் அது வேலை செய்யுமா? 2020, 2021-ல் குளோஸ்டர், எக்ஸ்யூவி 700 மாதிரிப் பெரிய வண்டிகளில் வந்தது, 2023-ல் வென்யூ மாதிரிச் சின்ன வண்டி வரைக்கும் இறங்கிவிட்டது, அதனால் கேள்வி நியாயமானதுதான். ஷோரூமில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதில் பயனில்லை. மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் சொன்னால்தான் உண்டு.

என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். பெருந்துறை தாண்டிக் கோவை நோக்கி வந்துகொண்டிருந்தேன், வேகம் எண்பதுக்குள். லேன் மாற வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்த அந்த நேரத்தில், மீடியன் இடைவெளியிலிருந்து ஒரு குட்டியானை லோடு வண்டி குறுக்கே வர, எனக்கு முன்னால் போனவர் சடாரென்று பிரேக் அடித்துவிட்டார். நான் பார்வையைத் திருப்புவதற்குள் பீப் சத்தம், மீட்டரில் சிவப்பு எழுத்து, கால் பெடலுக்குப் போகும்போதே வண்டி பாதி பிரேக்கைப் போட்டிருந்தது. மீதியை நான் அழுத்தினேன், இடிக்கவில்லை. ஆனால் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த பஸ்காரர் இடதுபக்கம் ஒடித்து, மண்ணில் இறங்கி, என்னைத் தாண்டிப் போய்த்தான் நின்றார். அவர் நல்ல ஓட்டுநர், அதனால் தப்பித்தோம்.

அதனால் என் கருத்து, பணம் கொடுக்கலாம், அந்த வசதி உயிரைக் காப்பாற்றும். ஆனால் என் வண்டி எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால் இப்போதெல்லாம் முதல் வேலையாக வழிவிட்டுவிடுகிறேன்.

மதுரை, வாடகைக் கார்

அண்ணே, எங்களுக்கு அடாஸ் எல்லாம் இன்னும் வரவில்லை, எங்கள் பிரச்சினை பீப் சத்தம்தான். 2019 ஜூலைக்கு அப்புறம் வந்த வண்டி எல்லாவற்றிலும் 80-ஐத் தாண்டினால் அவ்வப்போது சத்தம், 120-க்கு மேல் போனால் நிற்காமல் சத்தம். நான்குவழிச் சாலையில் ராத்திரி ஏர்போர்ட் சவாரி போகும்போது கஸ்டமர் தூங்கிக்கொண்டிருப்பார், இது அடிக்கும், "இதை ஆஃப் பண்ண முடியாதா தம்பி" என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு 78-லேயே போய்விடுவேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் வருத்தம் இல்லை, டீசலும் மிச்சம்.

எனக்குக் கோபம் வருவது சீட் பெல்ட் விஷயத்தில். சத்தத்தை நிறுத்துவதற்காக ஒரு கிளிப்பை வாங்கிப் பக்கிளில் சொருகி வைக்கிறார்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தக் கிளிப்பை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று உத்தரவே போட்டது. இன்னும் பழைய வண்டிகளில் கிடக்கிறது. பெல்ட் இல்லாமல் ஏர்பேக் மட்டும் விரிந்தால் ஆளைக் காப்பாற்றாது, முகத்தில் வந்து அடிக்கும். பின் சீட்டில் இருப்பவர்களும் கேட்பதில்லை. 2022 செப்டம்பரில் பால்கர் பக்கம், டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் பெல்ட் போடாமல் போய் இறந்த விபத்தைச் சொல்லித்தான் பெல்ட் போட வைக்கிறேன். பென்ஸ் காரிலேயே அப்படி என்றால் என் டிசையரில் என்ன ஆகும் என்று கேட்டால் பேசாமல் போட்டுக்கொள்கிறார்கள்.

திருச்சி

நான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். லேன் கீப் முதல் நாளே வெறுத்துவிட்டது. கும்பகோணம் ரோட்டில் பள்ளத்துக்கு ஒதுக்கினால் ஸ்டீயரிங்கை அது திருப்பி இழுக்கிறது. இருபத்தைந்து வருடமாக ஓட்டுகிற என் கையைவிட அதற்கு என்ன தெரியும்?

சேலம், வாரம் தவறாமல் தொப்பூர் வழியாகப் போகிறவர்

திருச்சி அண்ணன் சொல்வதில் பாதி சரி. கோடு போட்ட ரோட்டில் கோட்டுக்குள் வைத்திருப்பதுதான் லேன் கீப்பின் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கேமராவுக்குக் கோடு தெரியும், ஆட்டு மந்தையைப் பார்த்து நீங்கள் ஏன் ஒதுங்குகிறீர்கள் என்று தெரியாது. இண்டிகேட்டர் போட்டுவிட்டு ஒதுங்கினால் அது தலையிடாது. இருவழிச் சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் அங்கே நானும் அதை மட்டும் அணைத்துவிடுவேன், கிருஷ்ணகிரி தாண்டி நல்ல கோடு உள்ள இடத்தில் போட்டுக்கொள்வேன். ஆனால் எல்லாவற்றையும் அணைப்பது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அண்ணே, வண்டி வழுக்கினால் நேராக்குகிற ஈஎஸ்சி பொத்தானையும் சேர்த்து அணைத்து வைத்திருந்தால் தயவுசெய்து இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தொப்பூர் இறக்கத்தில் ஒரு மாலை, மழை தூறிக்கொண்டிருந்தது, வளைவில் ஏதோ லாரி டீசல் சிந்திவிட்டுப் போயிருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டியின் பின்பக்கம் விலகுவதை இடுப்பில் உணர்ந்தேன். பயந்து நடுங்கக்கூட நேரம் இல்லை, மீட்டரில் மஞ்சள் விளக்கு படபடவென்று மினுக்கியது, முன்னால் ஏதோ ஒரு சக்கரம் மட்டும் கரகரவென்று பிடித்துவிட்ட மாதிரி இருந்தது, வண்டி நேராகிவிட்டது. நான் செய்ததெல்லாம் ஸ்டீயரிங்கைப் போக வேண்டிய பக்கம் பிடித்திருந்தது மட்டும்தான். அப்புறம்தான் படித்தேன்: பின்பக்கம் வழுக்கினால் வளைவின் வெளிப்பக்க முன் சக்கரத்தைத் தனியாகப் பிடித்து வண்டியை நேராக்கும், வண்டி திரும்பாமல் நேராகவே போனால் உள்பக்கப் பின் சக்கரத்தைப் பிடிக்கும். எவ்வளவு பெரிய ஓட்டுநராக இருந்தாலும் நமக்கு ஒரே ஒரு பிரேக் பெடல்தான், நாலு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிக்க நம்மால் முடியாது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கிற பாரத் என்கேப் சோதனையில் ஈஎஸ்சி இல்லாத வண்டிக்கு மூன்று ஸ்டார்கூடக் கொடுக்க மாட்டார்கள். அடாஸுக்குப் பணம் இல்லாவிட்டால் பரவாயில்லை, இது இல்லாத வண்டியை எடுக்காதீர்கள்.

முன்னால் போகிற வண்டிக்கு ஏற்றபடி தானாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற அடாப்டிவ் குரூஸ் பற்றியும் ஒன்று. கூர்மையான வளைவில் முன்னால் போகிற வண்டி ராடாரின் பார்வையிலிருந்து விலகிவிட்டால், ரோடு காலி என்று நினைத்து உங்கள் வண்டி வேகம் எடுக்கும். மலை இறக்கத்தில் குரூஸே வேண்டாம், சின்ன கியரில் இறங்குங்கள்.

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

இங்கே ஆட்டோபான் நெடுஞ்சாலையில் இந்தக் கருவிகள் எல்லாம் அருமையாக வேலை செய்கின்றன, கோடு தெளிவு, குறுக்கே யாரும் வருவதில்லை. ஆனாலும் இங்கேயும் முணுமுணுப்பு உண்டு. 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய யூனியனில் விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் வேக எச்சரிக்கை கட்டாயம். அணைத்து வைத்தாலும் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது தானாக மறுபடி வந்துவிடும். பக்கத்துச் சர்வீஸ் ரோட்டின் 60 பலகையைப் பார்த்துவிட்டு, 120 போகிற ரோட்டில் என்னைப் பார்த்துக் கத்தும். உடன் வேலை செய்கிற ஜெர்மானியர்களில் பலர் காரில் ஏறியதும் முதலில் செய்கிற வேலை அதை அணைப்பதுதான். தவறாக அடிக்கிற எச்சரிக்கையைவிட மோசமானது எதுவும் இல்லை என்பேன். உண்மையானது அடிக்கும்போதும் காது கேட்காது.

இவர்கள் ஊரில்தான் இதெல்லாம் பிறந்தது. 1978-ல் பாஷ் கம்பெனியின் ஏபிஎஸ் (பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) பென்ஸ் எஸ் கிளாஸில் வந்தது, 1995-ல் ஈஎஸ்பி, சேலம்காரர் சொன்ன ஈஎஸ்சிதான் அது. 1997-ல் ஸ்வீடனில் பென்ஸின் ஏ கிளாஸ் கார் ஒரு சோதனையில் கவிழ்ந்து பெரிய அவமானமான பிறகுதான் சின்னக் காருக்கும் ஈஎஸ்பி கொடுத்தார்கள். ஆனால் மியூனிக் டாக்ஸிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பாதி வண்டியில் ஏபிஎஸ், பாதியில் இல்லை. விபத்து குறையவே இல்லை, ஏபிஎஸ் வைத்திருந்தவர்கள் இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டினார்கள். கை வைத்திருப்பதாக வண்டியை ஏமாற்ற ஸ்டீயரிங்கில் தண்ணீர் பாட்டிலைக் கட்டிவிட்டு ரீல்ஸ் எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும், வயிறு கலங்கும்.

சென்னை, ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்

வருகிற வண்டிகளில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். "அடாஸ் வேலை செய்யவில்லை" என்று கொண்டுவருகிற பல வண்டிகளில் கோளாறே இருக்காது. கேமராவுக்கு முன்னால் கண்ணாடியில் சாமி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், இல்லையென்றால் ராடார் இருக்கிற இடத்தில் சேறு, பூச்சி, சில பேர் பம்பருக்கு முன்னால் இரும்புத் தடுப்பு (கார்டு) போட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்த கார்டை 2017-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது, ராடாரை மறைப்பது தவிர, நடந்து போகிறவர் மேல் பட்டால் எலும்பு நொறுங்கும். முன் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி கேலிபரேட் செய்ய, அதாவது சரியான கோணத்துக்கு அமைக்க வேண்டும். கண்ணாடியை வெளியில் மலிவாக மாற்றிவிட்டு அதை விட்டுவிட்டால், கேமரா கொஞ்சம் கோணலாகப் பார்க்கும், வண்டி பக்கத்து லேன்காரனுக்கு பிரேக் பிடிக்கும். இன்சூரன்ஸ் கிளெய்ம் போடும்போதே அந்தச் செலவையும் கேட்டு வாங்குங்கள்.

தஞ்சாவூர், டிரைவிங் ஸ்கூல்

எல்லோரும் புதுசைப் பேசுகிறீர்கள், நான் பழைய ஏபிஎஸ் பற்றி மட்டும். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் கார்களிலும் இருக்கிறது, ஆனால் எப்படி மிதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. முழு பலத்தோடு மிதித்ததும் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும். உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள், நிற்கும் தூரம் அங்கேதான் கூடிவிடுகிறது. எடுக்கக் கூடாது, அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பி விலக வேண்டும், ஏபிஎஸ் இருப்பதே அப்படித் திருப்புவதற்காகத்தான். ஜல்லி, மணல் கிடக்கிற ரோட்டில் நிற்கும் தூரம் கூடத்தான் செய்யும், அங்கே வேகத்தை முன்பே குறையுங்கள். காலியான மைதானத்தில் நாற்பதில் போய் ஒரு முறை முழுசாக மிதித்துப் பாருங்கள், வீட்டில் ஓட்டுகிற எல்லோரையும் மிதிக்க வையுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்து சில வினாடியில் அணைகிறதா என்று பாருங்கள். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் யாரோ கோளாறு தெரியக் கூடாது என்று விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், அந்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.