மறுமொழி: பாஸ்ட் பர்ஃபெக்ட்டுக்குத் தமிழில் என்ன? ‘வினைமுற்று’ மட்டும் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்லும்போது எந்தக் காலத்தைப் போடுவது என்று தமிழில் விளக்க, மூன்று சொற்கள் கேட்டிருந்தீர்கள்: சிம்பிள் பாஸ்ட் (ஹீ கேம்), பிரசன்ட் பர்ஃபெக்ட் (ஹீ ஹேஸ் கம்), பாஸ்ட் பர்ஃபெக்ட் (ஹீ ஹேட் கம்). பின்னவை இரண்டுக்கும் ‘நிகழ்கால வினைமுற்று’, ‘இறந்தகால வினைமுற்று’ என்று வழிகாட்டிகளில் புழங்குவதையே வைத்துக்கொள்ளலாம் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

வினைமுற்று நம் இலக்கணத்தில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. வந்தான், வருகிறான், வருவான் எல்லாமே வினைமுற்றுதான். எச்சமாக நிற்காமல் வாக்கியத்தை முடித்துக்கொடுப்பதால் அது முற்று. செயல் முடிந்ததா என்ற கேள்வியே அங்கே கிடையாது. தமிழ் இலக்கணம் படித்தவரிடம் நிகழ்கால வினைமுற்றுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் ‘வருகிறான்’ என்பார். அது சரியான விடை. அந்தப் பெயரை ‘ஹேஸ் கம்’ தலையில் கட்டினால் நன்றாகப் படித்தவர்தான் முதலில் குழம்புவார்.

சரி, ‘நிறைவு’ என்று வைக்கலாமே என்றொரு யோசனை. பர்ஃபெக்ட் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் ‘செய்து முடித்தது’ என்றுதான் பொருள், அதனால் மொழிபெயர்ப்பில் பிழையில்லை. மூலத்திலேயே கோளாறு. ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்பவருக்கு என்ன நிறைந்தது? இன்னும் அங்கேயேதான் குடியிருக்கிறார். நாம் இதை ‘பத்து வருஷமா இங்கதான் இருக்கேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்வோம். உண்மையிலேயே முடிந்துபோனது ‘ஐ லிவ்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்’ என்பது. நிறைவு என்று பெயர் வைத்தால் ‘முடிந்ததற்கெல்லாம் ஹேவ்’ என்று மனதில் பதிந்துவிடும். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்ற பிழை பிறப்பது இப்படித்தான்.

இதில் நம் ‘இரு’வுக்கும் பங்குண்டு. ஹேஸ் கம் என்றால் வந்திருக்கிறார், ஹேட் கம் என்றால் வந்திருந்தார் என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பாதி தூரம் வண்டி நன்றாக ஓடும், அப்புறம் கவிழும்.

காலையில் ஈரத் தரையைப் பார்த்து, ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். இங்கே ‘இரு’ சொல்வது காலத்தை அல்ல, ஊகத்தை. ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் நைட்’ வந்துவிட்டால் ‘ஹேஸ் ரெய்ன்ட்’ வராது. ‘ரெய்ன்ட்’ போதும், ஊகத்தைக் காட்ட ‘மஸ்ட் ஹேவ்’ சேர்க்கலாம். இன்னொன்று: ‘கொள்ளுத்தாத்தா மூன்று புத்தகம் எழுதியிருக்கிறார்’ என்று, அவர் போய் எழுபது வருடம் ஆன பிறகும் நாம் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘ஹேஸ் ரிட்டன்’ என்றால் மனிதர் இன்னும் இருக்கிறார், நாலாவதும் எழுதக்கூடும் என்று தொனிக்கும். நான் ஒரு குறிப்பை அப்படி மொழிபெயர்த்து அனுப்பி, ‘அவரை நேரில் சந்திக்க முடியுமா’ என்று பதில் வாங்கியவன்.

பெரிய பள்ளம் ‘வந்திருந்தார்’. ‘நேற்று மாமா வந்திருந்தார்’ என்றால் வந்தார், கொஞ்ச நேரம் இருந்தார், போய்விட்டார். ஆங்கிலத்துக்கு வெறும் ‘கேம்’ போதும். ‘யெஸ்டர்டே ஹீ ஹேட் கம்’ என்று நிறுத்தினால், எதற்கு முன்னால் என்று கேட்பவர் காத்துக்கொண்டிருப்பார். ஹேட் வர வேண்டுமென்றால் கடந்துபோன இன்னொரு நேரம் அதற்குத் துணை வேண்டும்: ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த டிரெயின் ஹேட் லெஃப்ட்.’ நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்; ரயில் அதற்கும் முன்பே கிளம்பிவிட்டது. இதையே ‘த டிரெயின் லெஃப்ட்’ என்று மாற்றினால், நான் போனதும் ரயில் கிளம்பியதாகக் கதையே மாறிவிடும். ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ போன்ற சொல் வரிசையைக் காட்டிக்கொடுத்துவிட்டால் ஹேட் இல்லாமலும் பெரும்பாலும் ஒப்பேறும்.

ஆக, செயல் முடிந்ததா என்பதை விட, சொல்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதே காலத்தைத் தீர்மானிக்கிறது. மெய்யியலாளர் ஹான்ஸ் ரைக்கன்பாக் 1947இல் இதை மூன்று நேரங்களாகப் பிரித்தார்: பேசும் நேரம், நிகழ்ந்த நேரம், நோக்கும் நேரம். சிம்பிள் பாஸ்ட்டில் நோக்கு, நிகழ்ந்த இடத்துக்கே போய்விடுகிறது. பிரசன்ட் பர்ஃபெக்ட்டில் நோக்கு இங்கேயே, பேசும் இடத்தில் நிற்கிறது. பாஸ்ட் பர்ஃபெக்ட்டில் இரண்டுக்கும் நடுவே. அந்த மூன்று நேரங்களில் கடைசியானதற்கு ‘நோக்கு நேரம்’ என்றே கலைச்சொல்லாக வைத்துக்கொள்வோம். மற்ற பெயர்களும் இதிலிருந்தே பிறக்கட்டும்.

என் முன்மொழிவு. சிம்பிள் பாஸ்ட்டுக்குக் ‘கடந்தகாலம்’, அவ்வளவுதான். சாதாரண, எளிய என்ற அடைமொழி எதுவும் வேண்டாம். பாஸ்ட் பர்ஃபெக்ட்டுக்கு ‘முன்கடந்தகாலம்’. இது ஒன்றும் புது யோசனையில்லை. ஜெர்மன்காரர்கள் ஃபோர்ஃபெர்காங்கன்ஹைட் என்பதும் இதே பொருளில்தான். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சனும் 1924இல் ‘பிஃபோர் பாஸ்ட்’ என்றுதான் எழுதினார். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்ற பழைய வரிசையோடு சேருமே என்று முதலில் ‘முன்னிறப்பு’ என்று வைத்திருந்தேன். வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது, ‘யார் தவறிட்டாங்க?’ என்று உள்ளிருந்து குரல் வந்தது. விட்டுவிட்டேன். பிரசன்ட் பர்ஃபெக்ட்டுக்கு ‘ஒட்டிய கடந்தகாலம்’: இன்றோடு ஒட்டிக்கொண்டிருப்பதால்.

* * *

ஐயா, வணக்கம்.

முன்கடந்தகாலத்துக்கு என் ஓட்டு உண்டு. ‘ஒட்டிய’தான் இடிக்கிறது. வகுப்பில் அதைச் சொன்னால் ‘இப்பத்தான் நடந்தது’ என்று எடுத்துக்கொள்வார்கள். ‘ஹேவ் யூ எவர் சீன் எ வேல்?’ என்று கேட்கிறோம். முப்பது வருடத்துக்கு முன் திமிங்கிலத்தைப் பார்த்தவரும் ‘யெஸ், ஐ ஹேவ்’ என்பார். அது இன்றோடு எங்கே ஒட்டியிருக்கிறது?

நான் சொல்லிக்கொடுக்கும்போது கதவை வைத்துச் சொல்வேன். ‘திஸ் வீக்’ இன்னும் மூடவில்லை, ஹேவ் போடு. ‘லாஸ்ட் வீக்’ மூடியாயிற்று, போடாதே. ஒருவரின் ஆயுளும் அப்படித்தான். உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஹேஸ் வராததும் இதனால்தான். சாவியைத் தொலைத்து இன்னும் கிடைக்கவில்லையென்றால் ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’. அந்த விவகாரமும் மூடவில்லை. அதனால் ‘மூடாத கடந்தகாலம்’ என்று வைக்கலாமா? அமெரிக்கர்கள் ‘டிட் யூ ஈட் ஆல்ரெடி?’ என்று கேட்டு இந்தக் கதவைச் சட்டென்று சாத்திவிடுவதையும் ஓரமாகக் குறித்துவிடலாம்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கிளம்பவே இல்லை, ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோம். விரைவுக்காக வருங்காலத்தை இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. ஆங்கிலம் கொடுப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ‘ஐ கேம், ஐ கேம்’ என்று எழுந்து ஓடிவரும் பிள்ளைகளிடம், அது ‘ஐம் கமிங்’ என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

* * *

அம்மா,

திமிங்கிலத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ‘ஒட்டிய’வைத் திரும்பப் பெறுகிறேன். ‘மூடாத கடந்தகாலம்’ இருக்கட்டும். ‘மூடாக் கடந்தகாலம்’ என்று செறிவாக்கலாமே என்று யாராவது வருவார்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தைரியம் எனக்கில்லை.

பட்டியலில் இப்படிப் போய்விடலாம்: கடந்தகாலம், மூடாத கடந்தகாலம், முன்கடந்தகாலம், நோக்கு நேரம். பக்கத்திலேயே ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், தேர்வுத்தாளில் அதைத்தானே பார்க்கப் போகிறார்கள். ‘ஹேட் பீன் வெயிட்டிங்’ வகைக்கு ‘முன்கடந்த தொடர்’ போதும். தொடர் என்ற சொல்லில் சண்டை போட ஒன்றுமில்லை.